சைப்ரஸ் தீவுக்கு என்ன நிறம் தீட்டுவது?

கைப்பேசிகளில் அடிக்கடி வலம்வரும் ஒரு காணொளியை நம்மில் பலர் பார்த்திருப்போம். மதீனாவின் மேல் ஒரு பச்சைப் புள்ளி தோன்றும். ஓரத்தில் ஆண்டெண் ஓடத் தொடங்கும். ஷாம், மிஸ்ர், பாரசீகம், வட ஆப்பிரிக்கா, அந்தலுஸ் எனப் பச்சை பரவிக்கொண்டே போகும். இரண்டு நிமிடங்களில் மூன்று கண்டங்கள் நனைந்துவிடும். பார்த்து முடிக்கும்போது பெருமிதம் பொங்குவது இயல்பே. பிள்ளைகளுக்கும் காட்டுகிறோம், உறவினர் குழுக்களுக்கும் அனுப்பிவைக்கிறோம்.

சென்ற கோடை விடுமுறையில், பிள்ளைகளுக்கான வரலாற்று வகுப்புக்கென அத்தகைய படமொன்றை நாமே தயாரிக்க முற்பட்டோம். முழு உலகையும் அன்று. ஒரு சிறு பகுதியை மட்டும். ஷாமுக்கும் பைஸாந்திய ரோமுக்கும் இடையே, இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் டாரஸ் மலைத்தொடரை ஒட்டிக் கிடந்த எல்லையே நாம் தெரிந்தெடுத்தது. காலம், அந்தாக்கியா முஸ்லிம்களின் கைக்கு வந்த 638ஆம் ஆண்டு முதல் தர்சூஸ் நகரம் கைவிட்டுப்போன 965ஆம் ஆண்டு வரை. ஏறத்தாழ முந்நூற்று முப்பது ஆண்டுகள். இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் கணினியில் இருந்தது. மொழிபெயர்ப்பில் கிடைக்கும் பழைய நூல்கள் சில கையருகே இருந்தன. பத்தாண்டுக்கு ஒன்றாகக் கோடுகளை வரைந்து, அவற்றைக் காலவரிசையில் ஓடவிட்டால் வேலை முடிந்தது என்றே எண்ணினோம்.

அந்தக் கோட்டை நாம் இன்றுவரை வரைந்து முடிக்கவில்லை. ஏன் முடிக்கவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வரைபட மென்பொருளுக்கு உலகம் மூன்றே வடிவங்களால் ஆனது: புள்ளி, கோடு, பரப்பு. ஊர் என்றால் புள்ளி. ஆறும் பாதையும் கோடு. நாடு என்றால் பரப்பு. பரப்பு என்று சொல்லிவிட்டால் அதன் விளிம்பு எங்கும் அறுபடாமல் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும். ஒவ்வொரு பரப்புக்கும் பின்னால் ஓர் அட்டவணை வரிசை இருக்கும். அதில் 'தொடக்க ஆண்டு', 'முடிவு ஆண்டு', 'ஆட்சி' என்று கட்டங்கள். ஆட்சி என்ற கட்டத்தில் ஒரு பெயரைத்தான் எழுதலாம். கருவியின் மேல் குற்றமில்லை. இன்றைய நாடுகளின் எல்லைகளைக் குறிக்க அது மிகப் பொருத்தமானது. ஆனால் நாம் அந்தக் கட்டத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, நம் மூல நூல்களில் அந்தக் கேள்விக்கான பதிலே இல்லை என்பது மெல்லமெல்லப் புலப்பட்டது.

அரபு நூல்கள் இந்த எல்லைக்கு இட்ட பெயரே பன்மையில் இருக்கிறது: 'ஸுகூர்'. இதன் ஒருமை 'ஸக்ர்'. இடைவெளி, திறப்பு என்பது பொருள். வாயையும் முன்பற்களையும் கூட அச்சொல் குறிக்கும். மதிலில் விழுந்த ஓட்டையைக் காவல் காப்பதுபோல, பகைவன் நுழையக்கூடிய கணவாய்களின் வாயில் அமைந்த ஊர்கள் ஸுகூர் எனப்பட்டன. மேற்கில் தர்சூஸ், அதனா, மஸ்ஸீஸா, ஐன் ஸர்பா; கிழக்கில் மர்அஷ், அல்-ஹதஸ், ஸுமைஸாத், மலத்யா. இவற்றுக்குப் பின்னால், அந்தாக்கியாவையும் மன்பிஜையும் சேர்த்து, கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் தம் ஆட்சியின் தொடக்கத்தில் 'அவாஸிம்' என்ற தனி மாகாணத்தை அமைத்தார். அரண்கள், காப்பவை என்று அதற்குப் பொருள். முன்னே திறப்புகள், பின்னே அரண்கள். இரண்டுமே ஊர்களின் வரிசைகள். கோடு என்ற சொல்லே இங்கில்லை.

ஊர்களைப் புள்ளிகளாக இட்டுவிட்டு, அவற்றைச் சுற்றிப் பரப்பைக் கணினியே வரையட்டும் என்று விட்டால் என்ன? அதற்கும் வழி உண்டு. நிலத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் மிக அருகிலுள்ள ஊருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் கணக்கு ஒன்று மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் செய்து பார்த்தோம். பத்தே நொடிகளில் அழகான எல்லைக்கோடு வந்துவிட்டது. ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் சிகரங்கள் தர்சூஸுக்கு உரியவை ஆயின. மலையின் மேட்டையும் சரிவையும் கணக்கில் சேர்த்து, நடந்துசெல்லும் நேரத்தின்படி பிரித்தபோது கோடு இன்னும் நம்பும்படியாக இருந்தது. அந்த நம்பகத்தன்மைதான் நம்மை அச்சுறுத்தியது. எந்த நூலும் சொல்லாத ஒன்றை, எல்லாம் அறிந்ததுபோல் கணினி சொல்லிக்கொண்டிருந்தது. அழித்துவிட்டோம்.

மேலும் ஒரு சிக்கல். மலத்யாவிலிருந்து மர்அஷ் வரையிலான ஊர்களை நூல்கள் 'ஜஸீராவின் ஸுகூர்' என்கின்றன. ஜஸீரா என்பது யூப்ரடீஸ் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலம்; இந்த ஊர்களோ மேற்கே உள்ளவை. பத்தாம் நூற்றாண்டுப் புவியியலாளர் அல்-இஸ்தக்ரீ இதற்கு விளக்கம் தருகிறார். நிலத்தால் அவை ஷாமைச் சேர்ந்தவையே. ஆனால் அங்கே தங்கிக் காவல் காப்போர் ஜஸீரா மக்கள் என்பதால் அப்பெயர் பெற்றன என்கிறார். நிலம் ஒரு மாகாணம், அதைக் காக்கும் மனிதர்கள் இன்னொரு மாகாணம். பரப்பை வரைபவர் எதைப் பின்பற்றுவார்?

தர்சூஸோ உலகத்துக்கே சொந்தமான ஊராக இருந்தது. கீழ்த்திசையின் ஸிஜிஸ்தான் முதல் மேற்றிசையின் மக்ரிப் வரை, பெருநகரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே தம் ஊர்க்காரர்கள் தங்குவதற்கென ஒரு விடுதி இருந்தது என்று இப்னு ஹவ்கல் எழுதுகிறார். அந்த விடுதிகளுக்கு அவரவர் ஊரிலிருந்து வக்ஃபு வருமானமும் நன்கொடைகளும் வந்துசேர்ந்தன. மர்வில் பிறந்த அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) போன்ற பேரறிஞர்கள் இந்த எல்லைக்கு வந்துபோயினர். கலீஃபா மஃமூன் 833இல் படையெடுப்பின் நடுவே இறந்தபோது அடக்கம் செய்யப்பட்டதும் தர்சூஸில்தான். இந்த நகரத்தை ஒரு புள்ளியாக வைக்கும்போது, அதிலிருந்து நூற்றுக்கணக்கான மைல்கள் தள்ளியுள்ள ஊர்களுக்கு நீளும் நூலிழைகள் அல்லவா உண்மையான படம் என்று தோன்றியது.

புள்ளி வைப்பதாவது எளிதா என்றால், அதுவும் இல்லை.

மலத்யா என்று தேடினால் இணைய வரைபடங்கள் இன்றைய மலத்யா நகரின் நடுவில் முள் குத்தும். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் இடம்பெயர்ந்து வளர்ந்த ஊர். கலீஃபா மன்ஸூர் மீண்டும் கட்டியெழுப்பிய மலத்யா, அதற்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி, பத்தல்காஸி என்ற பெயரில் இருக்கிறது. ஸுமைஸாத் தண்ணீருக்குள் போய்விட்டது. 1990ஐ ஒட்டி அத்தாதுர்க் அணையின் நீர்த்தேக்கம் அந்தப் பழம்பெரும் மேட்டை மூழ்கடித்தது. இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் புள்ளி வைத்தால், நடு ஏரியில் ஒரு கோட்டை நிற்கும். அந்தாக்கியாவுக்கு வடக்கே இதற்கு நேர்மாறான நிலை. அங்கே அன்று இருந்த பெரிய அம்க் ஏரியும் சதுப்பும் இருபதாம் நூற்றாண்டில் வடிக்கப்பட்டுவிட்டன. ஏரியின் அடிநிலத்தில் 2007இல் ஒரு விமான நிலையமே திறக்கப்பட்டது. தர்சூஸுக்கும் கடலுக்கும் இடையே ஆறுகள் கொட்டிய வண்டல் கரையோரத்தையே மாற்றிவிட்டது. எல்லையை வரையும் முன், எல்லைக்கு அடியிலுள்ள நிலத்தையும் நீரையும் வரைய வேண்டியிருக்கிறது. இன்றைய கரையோரத்தின் மேல் அன்றைய அரசை வரையும் படங்களை நாம் இவ்வளவு நாள் கேள்வியின்றிப் பார்த்துவந்தோம் என்பதே வியப்பு.

காலம் என்ற கட்டத்துக்கு வருவோம். ஹாரூன் அர்ரஷீத் கலீஃபாவானதும் அவாஸிமைப் பிரித்ததும் ஹிஜ்ரி 170இல் நிகழ்ந்தவை. அந்த ஹிஜ்ரி ஆண்டு 786 ஜூலையில் தொடங்கி 787இல் முடிகிறது. மாதம் குறிக்கப்படாத செய்தியை இரண்டு ஆண்டுகளில் எதில் போடுவது? தரவுத்தளம் ஓர் எண்ணைக் கேட்கிறது. பெரும்பாலோர் முதலாவதைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு நிகழ்வுக்கு இது சிறு பிழை. கோட்டைகள் ஆண்டுக்காண்டு கைமாறிய ஓர் எல்லையில், ஊர் விழுந்த ஆண்டு அது மீட்கப்பட்ட ஆண்டுக்குப் பின்னால் போய் நின்றுவிடும். அல்-ஹதஸ் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 954இல் ஸைஃபுத் தவ்லா அதைப் போரிட்டு மீண்டும் கட்டினார். அல்-முதனப்பியின் புகழ்பெற்ற கஸீதா அந்த வெற்றியைப் பாடியதே. 957இல் அது மறுபடியும் ரோமர் வசமானது. பத்தாண்டுக்கு ஒரு படம் என்று நாம் தொடக்கத்தில் போட்ட திட்டத்தில், 950க்கும் 960க்கும் நடுவே இவை எதுவுமே நடக்கவில்லை.

ஆண்டுக்குள்ளும் எல்லை நகர்ந்தது. அப்பாஸிய நிர்வாகத்தில் பணியாற்றிய குதாமா இப்னு ஜஅஃபர், படையெடுப்புகளின் கால அட்டவணையையே தருகிறார். குதிரைகள் வசந்தப் புல்லைத் தின்று தேறியபின், மே 10 அளவில் ஒரு பயணம், முப்பது நாட்கள். பிறகு ஓய்வு. ஜூலை 10இல் கோடைப் பயணம்; அறுபது நாட்கள். குளிர்காலத்தில் தவிர்க்க முடியாவிட்டால் மட்டும் பிப்ரவரி இறுதியில் இருபது நாட்களுக்கு மிகாத ஒன்று. எதிர்த்தரப்பும் தனக்குரிய பருவத்தில் வந்தது. ஆகஸ்டில் ஒரு பள்ளத்தாக்கில் முஸ்லிம் படை முகாமிட்டிருக்கும். நவம்பரில் அங்கே எவரும் இல்லை. டிசம்பரில் ஆடுமேய்ப்போர் தம் மந்தைகளை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் எந்தத் தரப்புக்கும் கணக்குக் கொடுக்காதவர்கள். இந்தப் பள்ளத்தாக்குக்கு 'ஆட்சி' என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

யாருமற்ற பாழ்நிலம் என்று எழுதலாமே எனத் தோன்றும். பழைய ஆசிரியர்களும் அப்படி ஓர் எண்ணத்துக்கு இடம் தந்திருக்கிறார்கள். பேரரசர் ஹிராக்ளியஸ் பின்வாங்கும்போது இஸ்கந்தரூனாவுக்கும் தர்சூஸுக்கும் இடைப்பட்ட கோட்டைகளிலிருந்து ஆட்களை அகற்றிக்கொண்டு போனதாக அல்-பலாதுரீ குறிப்பிடுகிறார். ஆனால் ஆசா ஈகர் என்ற ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட நூலில், அகழாய்வுகளையும் களஆய்வுகளையும் ஒருசேர வைத்து, இந்நிலம் வெறுமையாகக் கிடக்கவில்லை என்று காட்டினார். சிற்றூர்களும் வாய்க்கால்களும் சதுப்புநில வாழ்வும் மந்தைவழிகளும் அங்கே தொடர்ந்து இருந்துள்ளன. போர்ச் செய்தி எழுதியவர்களின் கண்ணில் உழவர்கள் படவில்லை, அவ்வளவே.

இனி நம் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறோம். அரைகுறையாக நின்ற படத்தை வகுப்பில் காட்டியபோது ஒரு சிறுமி எழுந்து, "சைப்ரஸ் மட்டும் ஏன் வெள்ளையாக இருக்கிறது? அது யாருடையது?" என்று கேட்டாள். அவள் பார்த்த காணொளியில் 649ஆம் ஆண்டிலேயே தீவு பச்சையாகிவிட்டதாம். வெள்ளையாக விட்டது நம் தயக்கமே தவிர விடையன்று என்பதை ஒப்புக்கொண்டோம். பதிலை அடுத்த வாரம் சொல்வதாகக் கூறி வந்து, அல்-பலாதுரீயின் 'ஃபுதூஹுல் புல்தான்' நூலில் சைப்ரஸ் பற்றிய பகுதியை, அவர் குப்ருஸ் என்று எழுதும் அந்தப் பகுதியை, மீண்டும் நிதானமாகப் படித்தோம். ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்தச் சில பக்கங்களைப் போல எல்லை என்பதைப் பற்றி நமக்குக் கற்பித்தது வேறெதுவும் இல்லை.

கலீஃபா உஸ்மான் (ரலி) காலத்தில், ஷாமின் ஆளுநர் முஆவியா (ரலி) முதன்முறையாகக் கடல் கடந்து அத்தீவுக்குச் சென்றார். ஆண்டு ஹிஜ்ரி 28 என்றும் 29 என்றும் இரு செய்திகள். கடலில் பயணம் செய்யும் கூட்டத்தாரில் ஒருவராக இருப்பீர் என்று இறைத்தூதர் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருந்த உம்மு ஹராம் (ரலி) அப்பயணத்தில்தான் வாகனத்திலிருந்து விழுந்து இறந்தார். லார்னகா உப்பேரியின் கரையில் அவர் அடக்கத்தலம் என்று போற்றப்படும் இடம் இன்றும் இருக்கிறது. இவ்வளவும் நம் இல்லங்களில் பலர் அறிந்ததே. அறியாதது, அதற்குப்பின் எழுதப்பட்ட உடன்படிக்கை. தீவினர் ஆண்டுக்கு 7,200 தீனார் முஸ்லிம்களுக்குச் செலுத்த வேண்டும். அதே அளவு தொகையை அவர்கள் ரோமருக்கும் செலுத்திவந்தார்கள். அதை முஸ்லிம்கள் தடுக்கக்கூடாது. ரோமரின் படைநகர்வு குறித்து முஸ்லிம்களுக்கு அவர்கள் தெரிவிக்க வேண்டும். அவர்களைத் தாக்க எவரேனும் வந்தால் முஸ்லிம்கள் காக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர்.

சில ஆண்டுகளில் தீவினர் ரோமருக்குக் கப்பல் கொடுத்து உதவினர் என்று முஆவியா (ரலி) மீண்டும் சென்றார். பன்னிரண்டாயிரம் பேரைக் குடியமர்த்தினார், பள்ளிவாசல்கள் எழுந்தன. காணொளி தயாரிப்போர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அவர் மகன் யஸீத் அந்தப் படையைத் திருப்பி அழைத்துவிட்டார். 688இல் கலீஃபா அப்துல் மலிக்கும் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், சைப்ரஸின் வரியை இருவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள், இடையிடையே குலைந்தும் கூடியும், இந்த ஏற்பாடு நீடித்தது. 720களில் அவ்வழியே ஜெரூஸலத்துக்குப் பயணம் போன வில்லிபால்டு என்ற ஆங்கிலேயத் துறவியின் வாழ்க்கை வரலாறும், சைப்ரஸ் மக்கள் கிரேக்கருக்கும் ஸராஸன்களுக்கும் நடுவே, ஆயுதமின்றி வாழ்ந்தார்கள் என்றே சொல்கிறது.

கலீஃபாக்கள் மாற மாற அந்தத் தொகை மாறிய கதை தனிச்சுவை உடையது. அப்துல் மலிக் ஆயிரம் தீனார் கூட்டினார். உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அதைக் குறைத்தார். ஹிஷாம் மறுபடி ஏற்றினார். மன்ஸூர் வந்து, அவர்களுக்கு அநீதி செய்து நாம் செல்வம் சேர்க்கப்போவதில்லை என்னும் கருத்துப்படச் சொல்லி முஆவியாவின் பழைய தொகைக்கே திரும்பினார். மன்ஸூர் சிக்கனத்துக்குப் பெயர்போனவர் என்பதை நினைத்தால் இச்செய்தியின் எடை தெரியும். இரண்டாம் வலீத் சந்தேகத்தின் பேரில் தீவினரைக் கொண்டுவந்து ஷாமில் குடியேற்றினார். முஸ்லிம்களிடையே அதற்கு எதிர்ப்பு எழுந்தது. அடுத்து வந்த மூன்றாம் யஸீத் அவர்களைத் தம் தீவுக்கே திருப்பி அனுப்பினார்.

பின்னர் அப்பாஸியர் காலத்தில், ஸுகூரின் ஆளுநராயிருந்த அப்துல் மலிக் இப்னு ஸாலிஹ், தீவினர் உடன்படிக்கையை மீறிவிட்டதாகக் கருதினார். அவரிடம் படை இருந்தது. அதை அனுப்பும் முன் மார்க்க அறிஞர்களுக்கு மடல் எழுதினார். மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்), மிஸ்ரில் லைஸ் இப்னு ஸஅத் (ரஹ்), ஸுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்), மூஸா இப்னு அஃயன், இஸ்மாயீல் இப்னு அய்யாஷ், எல்லையோரத்து மஸ்ஸீஸாவிலேயே வாழ்ந்த அபூ இஸ்ஹாக் அல்-ஃபஸாரீ எனப் பலர் பதில் எழுதினர். அல்-பலாதுரீ அம்மடல்களைச் சுருக்கித் தருகிறார். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லவில்லை.

தீவினர் மேல் துரோகப் பழி நெடுங்காலமாகவே இருக்கிறது என்றார் லைஸ். துரோகத்தை அஞ்சினால் உடன்படிக்கையை வெளிப்படையாக அவர்களிடம் திருப்பி எறியுமாறு கூறும் குர்ஆன் வசனத்தைச் சுட்டி, ஓராண்டு தவணை கொடுக்கச் சொன்னார். முஸ்லிம்களின் நாட்டுக்கு வந்து வாழ விரும்புவோர் வரட்டும்; ரோமுக்குப் போக விரும்புவோர் போகட்டும்; பகைத்துத் தங்க விரும்புவோர் தங்கட்டும் என்றார். இமாம் மாலிக் இன்னும் நிதானம் காட்டினார். இந்த உடன்படிக்கை பழமையானது, இதுவரை எந்த ஆளுநரும் அதை முறித்ததாகத் தாம் அறியவில்லை. அவசரப்படாதீர், அவர்கள்மேல் குற்றம் ஐயமின்றி நிலைநாட்டப்படட்டும் என்பது அவர் பதில். மேட்டுக்குடியினர் செய்ததற்குப் பொதுமக்கள் உடன்பட்டிராமல் இருக்கக்கூடும் என்று எழுதினார் மூஸா இப்னு அஃயன். ரோமர் அவர்களை ஒடுக்குகிறார்கள். நாமல்லவா அவர்களைக் காக்க வேண்டும் என்றார் இஸ்மாயீல். அபூ இஸ்ஹாக், எல்லையிலிருந்த அரப்ஸூஸ் என்ற ஊரை நினைவூட்டினார். அவ்வூரார் முஸ்லிம்களின் இரகசியங்களைப் பகைவருக்குச் சொல்லிவந்தபோது, ஓர் ஆட்டுக்கு இரண்டு ஆடு, ஒரு மாட்டுக்கு இரண்டு மாடு கொடுத்து அவர்களை வெளியேறச் சொல்லும்படியும், மறுத்தால் ஓராண்டு தவணை தரும்படியும் உமர் (ரலி) கட்டளையிட்டதை எடுத்துக்காட்டினார்.

இந்த மடல்களைப் படித்துவிட்டு மென்பொருளைத் திறந்தால், 'ஆட்சி' என்ற கட்டம் இன்னும் காலியாகவே விழித்துக்கொண்டிருந்தது. பச்சை தீட்டினால், இமாம் மாலிக் எதற்காக அந்த மடலை எழுதினார் என்பதே பிள்ளைகளுக்குப் புரியாது. தம் சொந்த நிலத்தின்மேல் படையெடுக்கலாமா என்று எவரேனும் ஃபத்வா கேட்பார்களா? ரோமரின் நிறத்தைத் தீட்டினாலும் அதே கேடுதான். பகைவரின் நிலத்தோடு செய்த உடன்படிக்கைக்கு இத்தனை கவலை ஏன் என்றாகிவிடும். கோடிட்ட இருநிறம் தீட்டலாம். சில அறிஞர்களின் படங்களில் அப்படியே இருக்கிறது; அது பொய்யிலிருந்து ஒரு படி மேல். ஆனால் இருநிறக் கோடுகளைப் பார்ப்பவர், தீவு பாதிப்பாதியாக ஆளப்பட்டது என்று எண்ணக்கூடும். உண்மையில் பங்கிடப்பட்டது வரி. நிலத்தில் வாழ்ந்தவர்கள் தம் ஆயர்களோடும் தம் ஊர்ப் பெரியோரோடும் இருந்தார்கள்.

இதனால் கணினிக் கருவிகளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவை இல்லாமல் இன்று அறிந்திருப்பதில் பாதியை அறிந்திருக்கமாட்டோம். 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கொரோனா படங்கள் 1995இல் பொதுப்பார்வைக்கு விடப்பட்டன. அணைகள் நிரம்புவதற்கும் இயந்திரக் கலப்பைகள் மேடுகளைச் சமன்படுத்துவதற்கும் முன்பு எடுக்கப்பட்டவை என்பதால், ஸுமைஸாத் மூழ்கும் முன் எப்படி இருந்தது என்பதை அவற்றில் காணலாம். பண்டைய ஊர்ப்பெயர்களுக்கு பிளையடீஸ் என்ற திறந்த பெயர்த்தொகுதி இருக்கிறது. இஸ்லாமிய உலகின் ஊர்களுக்கும் வழித்தடங்களுக்கும் அஸ்-ஸுரய்யா என்ற தொகுதி. ஜார்ஜெட் கோர்னு தயாரித்த நிலப்படத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை அது தருகிறது. குறிப்பாக ஒன்றைக் கவனித்தோம்: அஸ்-ஸுரய்யாவில் அரசுகளின் எல்லைக்கோடுகள் முதன்மையல்ல, ஊர்களும் அவற்றை இணைக்கும் பாதைகளுமே முதன்மை. நம் பழைய புவியியலாளர்களின் கண்ணுக்கு அது அந்நியமாகப் பட்டிருக்காது. அல்-முகத்தஸீ தம் படங்களில் பாதைகளுக்குச் சிவப்பு, மணலுக்கு மஞ்சள், உப்புக்கடலுக்குப் பச்சை, ஆறுகளுக்கு நீலம் என்று நிறம் வகுத்துச் சொல்கிறார். நாம் அரசுக்குக் கொடுத்த பச்சையை அவர் கடலுக்குக் கொடுத்திருக்கிறார்.

ஹதீஸ் கலையைச் சிறிதேனும் பயின்றவருக்கு இங்கே ஒரு வழி எளிதில் புலப்படும். ஒவ்வொரு புள்ளியோடும் அதை அறிவித்தவர் யார், அவர் நேரில் கண்டாரா, எத்தனை ஆண்டு கழித்து எழுதினார் என்பதைச் சேர்த்து வைப்பதே அது. மென்பொருளில் இதற்குத் தடை ஏதுமில்லை. அட்டவணையில் இன்னும் மூன்று கட்டங்களைச் சேர்த்தால் போதும். சேர்த்தோம். வேலை மூன்று மடங்காகியது. முன்பு பளபளத்த படத்தில் பாதிப் புள்ளிகள் மங்கிப்போயின. மங்கலான புள்ளியைத் தொட்டால், இவ்விடம் ஊகம், இன்னார் சொன்னது என்று வரும். ஒரு தகப்பனார், "இவ்வளவு சந்தேகத்தைப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டுமா?" என்று வருத்தத்தோடு கேட்டார். அவர் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளவில்லை. பெருமிதத்தை ஊட்டும் வயதில் ஐயத்தை ஊட்டுகிறோமோ என்ற கவலை அவருக்கு. லைஸும் மாலிக்கும் ஒருவரோடொருவர் மாறுபட்டு எழுதிய மடல்களைப் படித்துக் காட்டியபோது அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கருத்தை மாற்றிக்கொண்டாரா என்று நாம் கேட்கவில்லை.

சிறுமிக்குப் பதில் சொல்லும் நாள் வந்தது. தீவை வெள்ளையாகவே விட்டு, அதிலிருந்து இரண்டு அம்புகளை இட்டிருந்தோம். ஒன்று திமஷ்கை நோக்கி, மற்றொன்று கான்ஸ்டான்டிநோபிளை நோக்கி. இரண்டின் மேலும் 7,200 என்று எழுதியிருந்தோம். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இரண்டு பேருக்கும் கட்டுவதென்றால் அவர்களுக்குச் சிரமமாக இருந்திருக்காதா?" என்று கேட்டாள். எல்லையைப் பற்றி நூல் எழுதியவர்கள் கூட அதிகம் கேட்காத கேள்வி.

பரப்புகளைக் கைவிட்டபின் படத்தில் எஞ்சியவை புள்ளிகளும் பாதைகளும் சில குறிப்புகளுமே. அவற்றுள் ஒன்று தர்சூஸுக்கு மேற்கே, அரபு நூல்கள் லாமிஸ் என்று அழைக்கும் சிற்றாற்றங்கரையில் இருக்கிறது. இரு அரசுகளும் சிறைப்பட்டோரைப் பரிமாறிக்கொண்ட இடம் அது. ஹிஜ்ரி 231இல், அதாவது 845இல், நடந்த பரிமாற்றத்தை அத்-தபரீ விரிவாகச் சொல்கிறார். ஆற்றின் குறுக்கே முஸ்லிம்கள் ஒரு பாலமும் ரோமர்கள் ஒரு பாலமும் அமைத்தனர். இங்கிருந்து ஒருவர் ஒரு பாலத்தில் நடக்க, அங்கிருந்து ஒருவர் மறு பாலத்தில் நடந்து வந்தார். இக்கரை ஏறியவரைக் கண்டதும் தக்பீர் முழங்கியது. அக்கரையிலும் அவர்கள் மொழியில் அதையொத்த ஒரு முழக்கம் எழுந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி வீடு திரும்பினர். ஆனால் அனைவரும் அல்லர். அப்போதைய கலீஃபா வாஸிக்கின் ஆட்கள், கைதிகளிடம் குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற கேள்வியைக் கேட்டு, அரசின் கொள்கையை ஏற்காதவர்களை மீட்க மறுத்தார்கள். அவர்களுக்கு எல்லை அந்த ஆற்றில் இருக்கவில்லை.

அந்த ஆறு இன்று துருக்கியின் மெர்சின் மாகாணத்தில், லிமொன்லு என்ற சிற்றூரின் வழியாகக் கடலில் கலக்கிறது. நம் படத்தில் அவ்விடத்தில் அருகருகே இரண்டு குறுங்கோடுகள் உள்ளன. ஆண்டு மட்டும் எழுதியிருக்கிறோம்.